கோழிக்கு வலிக்காத கிருமி: முட்டையும் சால்மோனெல்லாவும், ஒரு நூற்றாண்டுக் கதை

1/
2025 ஜூலையில் மரக்காணம் பக்கத்தில் இருக்கும் எக்கியார்குப்பத்தில் ஒரு மருத்துவ முகாம். சர்க்கரை, பிரஷர் பார்த்துக் கொண்டிருந்தேன். ஒரு பெரியம்மா மூணாங்கிளாஸ் படிக்கும் பேத்தியைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"சார், புள்ளைக்கு எடையே ஏற மாட்டேங்குது. நல்ல டானிக்கா ஒண்ணு எழுதிக் குடுங்க."

எடை பார்த்தேன். வயதுக்கு நாலு கிலோ குறைவு. "ஸ்கூல்ல மதியம் ஒழுங்கா சாப்பிடுதாம்மா?"

"சோறெல்லாம் சாப்புடும் சார். முட்டைய மட்டும் வாங்காதன்னு நான்தான் சொல்லிட்டேன். முட்டையில கிருமி இருக்குதுன்னு கவருமெண்டே தடை போட்டுட்டாங்களாமே. போன்ல காட்டுனாங்க."

2/
அவர் போனில் பார்த்தது ஒரு வாட்ஸ்அப் வீடியோ. அதில் உண்மை கால் பங்கு, பயம் முக்கால் பங்கு.

உண்மை இதுதான்: 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு, பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தயாரிக்க, சேமிக்க, விற்க தமிழ்நாடு அரசு தடை விதித்தது. காரணமாகச் சொன்ன கிருமிகளில் முக்கியமானது சால்மோனெல்லா.

தடை பச்சை முட்டை மயோனைஸுக்கு மட்டும்தான். வீடியோ போட்டவர் "பச்சை", "மயோனைஸ்" இரண்டு வார்த்தையையும் விட்டுவிட்டார். மிச்சம் நின்றது "முட்டைக்குத் தடை".

3/
அந்த அம்மாவைப் பார்த்து சிரிக்க எனக்கு மனசு வரல. 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தால் பல உயிர்களை இழந்த ஊர் அது. வாய்க்குள்ள போகிற பொருள் ஆளைக் கொல்லும் என்பது அங்கே செய்தித்தாள் சமாச்சாரம் இல்லை, பக்கத்து வீட்டு சாவு. அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனா அந்தப் பயம் இப்போ ஒரு எட்டு வயதுப் பெண்ணின் தட்டிலிருந்து வாரம் 5 முட்டையை எடுத்துவிட்டது. ஒரு முட்டையில் கிட்டத்தட்ட 6 கிராம் முதல்தரப் புரதம். எந்த டானிக்கிலும் அது கிடையாது.

4/
இந்த முட்டை தட்டுக்கு வந்த கதையையும் கொஞ்சம் பாருங்க.

1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம். 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. 1998இல் வாரம் 1. 2006இல் வாரம் 2. 2007இல் 3. 2010இல் 5.

ஒரு முட்டை ஐந்தாக 20 வருஷத்துக்கு மேல் ஆனது. அதை நிறுத்த ஒரு நிமிட வீடியோ போதுமானதாக இருந்தது.

அதனால்தான் இந்த இழை. முட்டையில் சால்மோனெல்லா எப்படி வருது, உலகம் அதை எப்படிக் கட்டுப்படுத்தியது, நாம எங்கே நிற்கிறோம்? கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க.

5/
முதல்ல பெயர். சால்மோனெல்லாவுக்கும் சால்மன் மீனுக்கும் சம்பந்தம் இல்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் டேனியல் சால்மன் பெயரில் வந்தது. 1885இல் பன்றிகளில் இந்தக் கிருமியைக் கண்டு பிடிக்கும் வேலையைச் செய்தவர் அவரிடம் பணிபுரிந்த தியோபால்ட் ஸ்மித். பெயர் மட்டும் மேலதிகாரிக்குப் போனது. இது எல்லா ஆபீஸிலும் நடக்கிறதுதானே!

மூன்று வருஷம் கழித்து, 1888இல் ஜெர்மனியில் நோயுற்ற ஒரு மாட்டின் இறைச்சியைச் சாப்பிட்டவர்கள் கூட்டமாக வாந்தி பேதியில் விழுந்தார்கள். ஒருவர் இறந்தார். ஆகஸ்ட் கெர்ட்னர் என்ற மருத்துவர் மாட்டு இறைச்சியிலும் இறந்தவரின் உடல் உறுப்பிலும் ஒரே கிருமியைக் கண்டார். அதுதான் இன்று நாம் "என்டெரைடிடிஸ்" என்று அழைக்கும் சால்மோனெல்லா. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. இந்தக் கதையின் வில்லன் இவர்தான்.

6/
சால்மோனெல்லா ஒரு பெரிய குடும்பம். 2,500க்கும் மேற்பட்ட வகைகள். நமக்கு இன்று நாலு பேர் போதும்.

டைபி: டைபாய்டு காய்ச்சல் தருவது. மனிதருக்கு மட்டும் வரும். மனிதக் கழிவு கலந்த தண்ணீர், உணவு வழியாகப் பரவும். கோழி முட்டையால் டைபாய்டு வராது. இதை அழுத்திச் சொல்கிறேன்.

காலினாரம், புல்லோரம்: கோழிகளைக் கொல்லும். மனிதரை அநேகமாகச் சீண்டாது.

என்டெரைடிடிஸ்: கோழியைச் சீண்டாது. மனிதரைப் படுக்க வைக்கும்.

7/
இந்த நாலு பேருக்கும் வெளிச்சட்டையில் ஒரே முத்திரை உண்டு. "ஓ-9" என்று அதற்குப் பெயர். ஒன்றுக்கு எதிராக உடல் தயாரிக்கும் எதிர்ப்புப் புரதம் மற்றொன்றையும் பிடிக்கும்.

"வைடால் டெஸ்ட்ல டைபாய்டுன்னு வந்துடுச்சு" என்று பலர் ரிப்போர்ட்டோடு வருவீர்கள். அது உண்மையில் வேறு சால்மோனெல்லாவாகவும் இருக்கலாம், பழைய தொற்றின் மிச்சமாகவும் இருக்கலாம். சந்தேகமற்ற பதிலுக்கு, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே இரத்தத்தைக் கல்ச்சர் செய்ய வேண்டும்.

இந்த ஓ-9 விஷயம் கோழிக் கதையிலும் ஒரு திருப்பமாக வரப்போகிறது.

8/
இப்போ கோழிப் பக்கம் போவோம்.

1888-89இல் இங்கிலாந்தில் ஒரு பண்ணையில் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. கிளைன் என்ற ஆய்வாளர் கிருமியைப் பிரித்தார். அதுதான் காலினாரம், "கோழி டைபாய்டு". 1900 வாக்கில் அமெரிக்காவில் லியோ ரெட்ஜர் என்பவர் பிறந்த சில நாளில் வெள்ளையாகக் கழிந்து சாகும் குஞ்சுகளில் புல்லோரத்தைக் கண்டார்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. நம்ம ஊரில் "வெள்ளைக்கழிச்சல்" என்றால் ராணிக்கெட் நோய். அது வைரஸ். அமெரிக்கர்கள் "வெள்ளைக் கழிச்சல்" என்று சொன்னது இந்த பாக்டீரியா நோயை. பெயர் ஒன்று, நோய் வேறு, தடுப்பூசியும் வேறு.

9/
ரெட்ஜரும் கூட்டாளிகளும் அடுத்த சில வருடங்களில் கண்டுபிடித்ததுதான் முக்கியம். குஞ்சுக்கு நோய் வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. தாய்க்கோழியின் சினைப்பையிலேயே கிருமி இருக்கிறது. அங்கிருந்து முட்டைக்குள். முட்டையிலிருந்து குஞ்சுக்கு. பிழைத்த குஞ்சு வளர்ந்து முட்டையிட்டால் மறுபடியும் அதே சுற்று.

அப்படியென்றால் கொட்டகையை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. தாயைச் சோதிக்க வேண்டும்.

1931இல் ஒரு எளிய வழி வந்தது. கோழியின் இறக்கையில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், கண்ணாடித் தட்டில் சாயமேற்றிய மருந்து ஒரு சொட்டு. இரண்டையும் கலந்தால், தொற்று உள்ள கோழியின் ரத்தம் திரிதிரியாகத் திரண்டுவிடும். கொட்டகையில் நின்றபடியே சில நிமிடத்தில் முடிவு. பாசிட்டிவ் கோழி வெளியே.

10/
1935இல் அமெரிக்கா இதை ஒரு தேசியத் திட்டமாகவே ஆக்கியது. குஞ்சு விற்பவர் "என் தாய்க்கோழிகள் சோதிக்கப்பட்டவை" என்று சான்று காட்ட முடிந்தது. வாங்குபவரும் அதைக் கேட்கத் தொடங்கினார்.

1956இல் இங்கிலாந்தில் வில்லியம்ஸ் ஸ்மித் என்ற விஞ்ஞானி காலினாரத்தின் வீரியம் குறைந்த ஒரு வகையை உயிர்த் தடுப்பூசியாக ஆக்கினார். பெயர் 9ஆர். பல நாடுகளில் இன்றும் பயன்படுகிறது.

சோதனை, களையெடுப்பு, சுத்தம். 1970களில் அமெரிக்கா, பிரிட்டன் இரண்டிலும் பெரிய வணிகப் பண்ணைகளிலிருந்து கோழி டைபாய்டும் புல்லோரமும் ஏறக்குறைய ஒழிந்தன.

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம். முடியவில்லை.

11/
1980கள். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில், பிரிட்டனில், ஐரோப்பாவில் என்டெரைடிடிஸ் நோயாளிகள் மளமளவெனக் கூடினார்கள். விருந்துக்குப் போனவர்கள், முதியோர் இல்லத்தில் இருந்தவர்கள், மருத்துவமனையில் ஏற்கெனவே படுத்திருந்தவர்கள்.

மருத்துவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று விசாரித்தார்கள். திரும்பத் திரும்ப ஒரே பதில். 1988இல் வெளியான அமெரிக்க ஆய்வில், எந்த உணவு என்று கண்டுபிடிக்க முடிந்த என்டெரைடிடிஸ் பரவல்களில் முக்கால் பங்குக்கும் மேல் முட்டையோ முட்டை கலந்த உணவோதான் காரணம்.

அதுவும் எந்த முட்டை? விரிசல் விட்ட, அழுக்கான முட்டை இல்லை. கழுவித் துடைத்த, ஓடு முழுசாக இருந்த, முதல் தர முத்திரை குத்திய முட்டை.

12/
அதுவரை எல்லோரும் நம்பியது: ஓடு விரிந்தால், எச்சம் ஒட்டினால், கிருமி உள்ளே போகும். ஓடு நல்லா இருந்தா முட்டை சுத்தம்.

என்டெரைடிடிஸ் செய்தது அன்று புல்லோரம் செய்த அதே வேலை. கோழியின் சினைப்பையிலும் கருக்குழாயிலும் தங்கி, ஓடு உருவாகும் முன்பே உள்ளே புகுந்துவிட்டது. ரெட்ஜர் சொன்ன பாடம் 80 வருஷம் கழித்துத் திரும்பி வந்தது.

ஒரே ஒரு வித்தியாசம். புல்லோரம் வந்தால் குஞ்சு செத்தது, பண்ணைக்காரர் ஓடினார். என்டெரைடிடிஸ் வந்த கோழி ஜம்மென்று தீனி தின்றது, தினம் முட்டை போட்டது. பண்ணைக்காரருக்கு ஒரு பைசா நட்டம் இல்லை. நட்டம் எல்லாம் சாப்பிட்டவருக்கு.

இந்த இழையில் ஒரே ஒரு வரி ஞாபகம் இருக்கணும்னா இது இருக்கட்டும்: கோழிக்கு வலிக்கிற கிருமியைச் சந்தை துரத்தும். கோழிக்கு வலிக்காத கிருமியை அரசும் சட்டமும்தான் துரத்தணும்.

13/
ஏன் 1980களில் திடீரென்று? 2000ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் சிலர் ஒரு விளக்கம் வைத்தார்கள். அந்த ஓ-9 முத்திரை நினைவிருக்கா? மந்தையில் காலினாரம் சுற்றிக் கொண்டிருந்த வரை, கோழிகளின் உடலில் ஓ-9க்கு எதிர்ப்பு இருந்தது. அதே முத்திரை கொண்ட என்டெரைடிடிஸால் உள்ளே நுழைய முடியவில்லை. காலினாரத்தை விரட்டியதும் வீடு காலி. புதிய குடித்தனக்காரர் வந்துவிட்டார்.

இது கருதுகோள்தான். எலிகள் கிருமியைச் சுமந்ததும், ஒரு சில பெரிய இனப்பெருக்கப் பண்ணைகளிலிருந்து உலகம் முழுக்கக் குஞ்சு போனதும் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் நெதர்லாந்தில் 9ஆர் தடுப்பூசி போட்ட மந்தைகளில் என்டெரைடிடிஸ் தொற்று குறைவாகவே காணப்பட்டது. கருதுகோளுக்கு அது ஒரு பலம்.

நமக்கான பாடம்: ஒரு நோயை ஒழித்ததும் கண்காணிப்பைக் கைவிடக் கூடாது.

14/
இப்போ லண்டன். 1988 டிசம்பர் 3. சுகாதாரத் துறை இணை அமைச்சர் எட்வினா கரி தொலைக்காட்சியில், நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பாலானவற்றில் சால்மோனெல்லா இருக்கிறது என்ற பொருளில் பேசிவிட்டார்.

முட்டை விற்பனை சடாரென்று சரிந்தது. பண்ணையாளர்கள் கொதித்தார்கள். டிசம்பர் 16இல் அவர் பதவி விலகினார்.

அவர் சொன்னது சரியா? "பெரும்பாலான முட்டை" என்பது பெரிய மிகை. தொற்று உள்ள பண்ணையில்கூட மிகச் சில முட்டைகளில்தான் கிருமி இருக்கும். அமெரிக்காவுக்குப் பின்னர் போட்ட ஒரு கணக்கு 20,000 முட்டைக்கு ஒன்று. ஆனால் பிரச்சினையே இல்லை என்று சாதித்தவர்களும் தவறுதான். கோடிக்கணக்கில் முட்டை விற்கும் நாட்டில் 20,000க்கு ஒன்று என்பது சின்ன எண் இல்லை.

மிகைப்படுத்தினால் மக்கள் முட்டையை விடுவார்கள். மறைத்தால் மக்கள் மருத்துவமனைக்கு வருவார்கள். ரெண்டுமே தப்பு.

15/
பிறகு பிரிட்டன் என்ன செய்தது? முதலில் தொற்று கண்ட மந்தைகளை வெட்டி அழித்தார்கள். செலவு அதிகம், பலன் குறைவு.

நோயை அடக்கியது 1990களில் வந்த தடுப்பூசி. முதலில் தாய்க்கோழிகளுக்கு, பிறகு முட்டையிடும் கோழிகளுக்கு. 1998இல் முட்டைத் தொழில்துறையே முன்வந்து, ஓட்டில் சிவப்புச் சிங்க முத்திரை குத்தும் விதிமுறையைக் கொண்டு வந்தது. முத்திரை வேண்டுமென்றால் கோழிக்குத் தடுப்பூசி கட்டாயம், எந்தப் பண்ணை முட்டை என்று தடம் பிடிக்கவும் வழி இருக்க வேண்டும்.

நோயாளிகள் எண்ணிக்கை செங்குத்தாக இறங்கியது. 2017இல் பிரிட்டன் உணவுத் தர அமைப்பு, சிங்க முத்திரை முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியோரும் அரைவேக்காடாகவே சாப்பிடலாம் என்று அறிவித்தது. பீதியிலிருந்து நம்பிக்கைக்கு வர 29 வருஷம்.

16/
தடுப்பூசி ஒன்றே போதுமா? போதாது. அமெரிக்காவின் இரண்டு சம்பவம் பாருங்க.

1994: ஒரு ஐஸ்கிரீம் கலவை. முறையாகச் சூடாக்கிக் கிருமி நீக்கியது. ஆனால் அதை ஏற்றிய டேங்கர் லாரி அதற்கு முன் பச்சை முட்டைக் கரைசல் ஏற்றியிருந்தது. சுமார் 2,24,000 பேர் நோயுற்றதாக மதிப்பீடு. கலவை பிரமாதம், லாரி கோட்டை விட்டது.

2010: அயோவா மாநிலத்தின் இரண்டு பண்ணை நிறுவனங்களிலிருந்து 50 கோடிக்கும் மேற்பட்ட முட்டைகள் திரும்பப் பெறப்பட்டன. சோதனையாளர்கள் போனபோது கொட்டகையில் எலி, ஈ, குவிந்த எச்சம். அதில் ஒரு பண்ணையின் முதலாளிக்கும் மகனுக்கும் 2015இல் நீதிமன்றம் 3 மாதச் சிறை விதித்தது.

தொற்றுள்ள ஒரு சுண்டெலியின் ஒரே ஒரு புழுக்கையில் லட்சத்துக்கும் மேல் கிருமிகள் இருக்கக்கூடும். அது தீவனத் தொட்டியில் விழுந்தால் போதும்.

17/
சரி டாக்டர், நம்ம ஊரு?

நம்ம ஊரு முட்டை என்றால் நாமக்கல். மழை குறைந்த மண். விவசாயம் கை கொடுக்காத இடத்தில் மக்கள் லாரித் தொழிலையும் கோழிப் பண்ணையையும் பிடித்து மேலே வந்தார்கள். 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவானது. 1985இல் நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. தினமும் கோடிக்கணக்கான முட்டைகள் அங்கிருந்து கிளம்புகின்றன. எக்கியார்குப்பம் பெரியம்மாவின் பேத்திக்கு வரும் முட்டை உட்பட.

இந்தியப் பண்ணைகளில் கோழி டைபாய்டு இன்றும் ஒழியவில்லை. கொண்டை வெளுத்து, மஞ்சளும் பச்சையுமாகக் கழிந்து கோழி செத்தால் பண்ணையாளர் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுவார். கோழி அவர் முதல்.

என்டெரைடிடிஸுக்கு யார் கூப்பிடுவார்? கோழிக்கு ஒன்றும் ஆகவில்லையே. அதைத் தேடிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

18/
தேடும் அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை. கசௌலியில் மத்திய ஆராய்ச்சி நிலையத்திலும், இசத்நகரில் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்திலும் சால்மோனெல்லாவை வகை பிரிக்கும் தேசிய மையங்கள் பல பத்தாண்டுகளாக உள்ளன. நாமக்கல்லில் கல்லூரியும் ஆய்வகமும் இருக்கின்றன.

ஐரோப்பா 2003இல் சட்டம் போட்டது. முட்டைக்கோழி மந்தைகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதிக்கணும். என்டெரைடிடிஸ் இருந்தால் அந்த முட்டையை ஓட்டோடு விற்கக்கூடாது, சூடாக்கிக் கிருமி நீக்கிய பொருளாக மட்டும் விற்கலாம். கவனியுங்க: முட்டையை அழிக்கச் சொல்லவில்லை. வேறு வழியில் பயன்படுத்தச் சொன்னார்கள். விவசாயி முழுசாக நட்டப்படவும் இல்லை, மக்கள் நோயுறவும் இல்லை.

19/
குறுக்கு வழி ஒன்று உண்டு. ஆன்டிபயாடிக். தீவனத்தில் கொஞ்சம் கலந்துவிட்டால் எல்லாக் கிருமியும் அடங்கிவிடும் என்ற எண்ணம்.

அடங்காது. கோழியின் குடலில் கிருமி குறையும், போகாது. மிஞ்சுவது மருந்துக்கு மசியாத ரகம். கோலிஸ்டின் என்ற மருந்து எங்களுக்கு ஐசியூவில் கடைசிக் கையிருப்பு. வேறெதுவும் வேலை செய்யாத நோயாளிக்கு அதைத்தான் எடுப்போம். அதையே கோழி வளர்ப்பில் பயன்படுத்தி வந்தார்கள். 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களில் கோலிஸ்டினை மத்திய அரசு தடை செய்தது. நல்ல முடிவு.

பண்ணையில் சுத்தம் செய்யாமல் மருந்து கலப்பது, ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்துக்கொண்டே கடலுக்குப் போவது மாதிரி.

20/
இனி எக்கியார்குப்பத்துக்குத் திரும்புவோம். பெரியம்மாவிடம் என்ன வேலை என்று கேட்டேன். மீன் காய வைக்கும் வேலை. நல்ல மீன் கருவாடாகும். பொடி மீனும் கழிவு மீனும் மணலிலேயே பரப்பிக் காய வைப்பார்கள். வியாபாரி வந்து மூட்டையாக அள்ளிப் போவார்.

"அது எங்கம்மா போகுது?"

"கோழித் தீனிக்கு சார்."

எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது பெரு நாடு.

21/
1970 வாக்கில் அதுவரை அபூர்வமாக இருந்த "அகோனா" என்ற சால்மோனெல்லா அமெரிக்கா, பிரிட்டன், நெதர்லாந்து, இஸ்ரேல் என்று ஒரே நேரத்தில் நோயாளிகளிடம் தலைகாட்டியது. நாலு நாட்டுக்கும் பொதுவாக என்ன இருக்க முடியும்?

1972இல் ஆர்கன்சா மாநிலத்தின் ஒரு சிற்றூரில் நோய் பரவியது. தடம் பிடித்துப் போனார்கள். நோயாளி, அங்கிருந்து கோழி, கோழியிலிருந்து பண்ணை, பண்ணையிலிருந்து தீவனம். தீவனத்தில் பெருவிலிருந்து கப்பலில் வந்த மீன் தூள்.

கடலில் மீன் சுத்தமாகத்தான் இருக்கும். காய வைக்கும் இடத்தில் பறவை எச்சம், எலி, நாய், ஈ, அழுக்குத் தண்ணீர். அங்கேதான் கிருமி ஏறும். ஒரு கடற்கரையில் உலர்ந்த மீன் நாலு நாட்டின் சாப்பாட்டு மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

22/
நன்றாக உப்பிட்டு முழுக்க உலர்ந்த மீனில் சால்மோனெல்லா பெருகாது. பெருகத் தண்ணீர் வேண்டும், உப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பளத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் பெருகாது என்றால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. காய்ந்த தூளில் மாசக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கோழியின் குடலுக்குள் ஈரமும் சூடும் கிடைத்ததும் எழுந்து உட்காரும்.

அதனால்தான் பண்ணையில் கட்டுப்பாடு என்பது ஒரு சங்கிலி:

சோதிக்கப்பட்ட தாய்க்கோழியின் குஞ்சு. சூட்டில் பதப்படுத்திய தீவனம். எலி ஒழிப்பு. கொட்டகை காலியாகும்போது முழுச் சுத்தம். குடிதண்ணீர் சுத்தம். தடுப்பூசி. முறையான சோதனை. ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை பாதி வீண்.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணிகளில் ஒன்று ஒரு கிழவி மீன் காய வைக்கும் மணல். அவருக்கு ஒரு சிமெண்ட் தளமோ வலைக் கட்டிலோ கொடுத்தால் அது கோழி மருத்துவம், மனித மருத்துவம் ரெண்டும்.

23/
நீங்க வீட்டில் செய்ய வேண்டியது:

✅ மஞ்சள் கருதான் தெர்மாமீட்டர். ஏறக்குறைய 70 டிகிரியில் அது கெட்டியாகும். கெட்டியானால் சால்மோனெல்லா முடிந்தது. அவித்த முட்டை, நன்றாக வெந்த ஆம்லெட், முட்டைக் குழம்பு தாராளமாகச் சாப்பிடுங்க.

❌ கர்ப்பிணிகள், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியோர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள்: ஆஃப்பாயில், கலக்கி, பச்சை முட்டை மயோனைஸ் வேண்டாம்.

❌ வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது அன்பில் செய்வது. அதே அன்போடு முட்டையை அவித்துக் கொடுங்க. ஜிம் தம்பிகளுக்கும் இதுதான். பச்சை முட்டைப் புரதத்தில் பாதிதான் உடம்பில் சேரும், வெந்ததில் பத்தில் ஒன்பது பங்கு சேரும்.

24/
✅ "நாட்டுக்கோழி முட்டைன்னா பயமில்லை" என்பதும் சரியில்லை. கொல்லையில் மேயும் கோழிக்கும் சால்மோனெல்லா வரும். அதையும் வேகவைத்துத்தான் சாப்பிடணும்.

✅ முட்டையைக் கழுவி அடுக்கி வைக்காதீங்க. ஓட்டின் மேல் இருக்கும் இயற்கைப் பூச்சு போய்விடும். சமைக்கும் முன் கழுவினால் போதும். விரிசல் விட்டதை வாங்காதீங்க. நம்ம வெயிலுக்கு ஃப்ரிட்ஜ் இருந்தால் அதில் வைங்க, இல்லையென்றால் கொஞ்சமாக வாங்கி சீக்கிரம் தீருங்க. பச்சை முட்டை தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்க.

✅ சாப்பிட்ட 6 மணியிலிருந்து 3 நாளுக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, பேதி வந்தால் ஓஆர்எஸ் குடிங்க. பெரும்பாலானோருக்கு ஒரு வாரத்தில் தானாகவே சரியாகும், ஆன்டிபயாடிக் தேவைப்படாது. ரத்தப் பேதி, தணியாத காய்ச்சல், சிறுநீர் குறைவு, சோர்ந்து கிடக்கும் குழந்தை என்றால் உடனே மருத்துவமனை.

25/
பெரியம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. ரெண்டு விஷயம்தான் சொன்னேன்.

"தடை போட்டது பச்சை முட்டைக்கும்மா. ஸ்கூல்ல குடுக்கறது அவிச்ச முட்டை. கொதிக்கிற தண்ணியில கிருமி நிக்காது. புள்ளைய வாங்கச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் கேட்டார்: "அப்போ நான் காய வெக்கிற மீனு?"

நியாயமான கேள்வி. தார்ப்பாய் விரித்துக் காய வைக்கச் சொன்னேன். நாயும் காக்காயும் ஏறாமல் மேலே ஒரு பழைய வலை. முழுக்கக் காய்ந்த பிறகுதான் மூட்டை. "தார்ப்பாய்க்குக் காசு யாரு குடுப்பா சார்?" என்றார். அதற்கு என்னிடம் மாத்திரை இல்லை.

26/
டானிக் எழுதவில்லை. பேத்தியிடம், "நாளையிலிருந்து முட்டை வாங்குவியா?" என்றேன். பாட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

முட்டையைத் தடுப்பது சுலபம். நாளைக்கே ஒரு வீடியோ செய்துவிடும். கிருமியைத் தடுப்பது கஷ்டம். தாய்க்கோழியிலிருந்து, தீவனத்திலிருந்து, மணலில் காயும் மீனிலிருந்து தொடங்க வேண்டும். பிரிட்டன் அதைச் செய்து காட்டியது. 20 வருஷத்தில் ஒரு முட்டையை ஐந்தாக்கிய மாநிலத்துக்கு அது முடியாத காரியம் இல்லை.

அதுவரை உங்கள் வீட்டுக் குழந்தைக்கு முட்டையை நிறுத்தாதீங்க. நல்லா அவிச்சுக் கொடுங்க.

அந்த வீடியோவை அனுப்பிய அதே குரூப்பில் இதையும் பகிருங்கள்.